ஏரி கோடி போகும் (நிரம்பி வழியும்) ராத்திரி பொறியாளர் கரையில் என்ன செய்கிறார்? (வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மழைக்கால இழை)

வேப்பமரத்து வீடு (காட்பாடி பக்கம்)

ஐப்பசி பிறந்துவிட்டது. வானம் கறுத்தாலே எங்கள் தெருவில் ஆளாளுக்குச் சாமானை மாடிக்கு ஏற்றத் தொடங்கிவிடுகிறோம். 2021 நவம்பரில் ஏரித் தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு வந்தது. மாமியாரை நாற்காலியோடு தூக்கித்தான் வெளியே கொண்டுவந்தோம். படகோடு வந்தவர்களை இன்றைக்கும் நினைத்துக் கும்பிடுகிறேன்.

ஆனால் ஒரு கேள்வி அன்றிலிருந்து மனசைவிட்டுப் போகவில்லை. முந்தின ராத்திரி பதினொரு மணிக்கு ஏரிக்கரையில் நாலைந்து பேர் டார்ச் அடித்துக்கொண்டு நின்றார்கள். அதில் ஒருவர் இன்ஜினியர் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். அவர்கள் எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. விடியற்காலை மூன்று மணிக்குத் தண்ணீர் உள்ளே வந்தது.

புயல் எச்சரிக்கை வந்ததும் இந்தப் பொறியாளர்கள் என்னதான் செய்கிறார்கள்? அந்த நேரத்தில் கரையில் நின்று எதைப் பார்த்தார்கள்? சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

கரைநடை (ஓய்வு பெற்ற உதவி செயற்பொறியாளர்)

அம்மா, உங்கள் ஏரியில் அன்று நின்றவர்களில் நான் இல்லை. ஆனால் அப்படி எத்தனையோ ராத்திரி நின்றவன். அதனால் சொல்கிறேன்.

எங்களுக்கு மழைக்காலம் ஆவணியிலேயே ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு மதகின் ஷட்டரையும் திருகிப் பார்க்க வேண்டும். துருப்பிடித்து இறுகிப்போன திருகு வெள்ளத்தன்று சுழலாது. ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்து போகும் கட்டுமானம்தான் கலிங்கு. அதற்குக் கீழே உபரிநீர்க் கால்வாயில் சீமைக்கருவேலம் மண்டியிருந்தால் வெட்ட வேண்டும். மணலும் காலிச் சாக்கும் சவுக்குக் கம்பும் கரைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தாலுகாவில் யார் யாரிடம் ஜேசிபி இருக்கிறது, ஓட்டுநர் எந்த ஊர் என்பது வரை நோட்டில் எழுதி வைப்போம். இதையெல்லாம் ஊரில் யாரும் பார்ப்பதில்லை.

புயல் என்றால் கடலோரத்தில் காற்று. நமக்குக் கடல் நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. இங்கே ஆபத்து, கரை கடந்த பிறகு அது உள்நாட்டுக்குள் வந்து கொட்டும் மழை. 2020 நவம்பரில் மரக்காணம் பக்கம் கரையேறிய நிவருக்குப் பெயர் இருந்தது, எல்லோரும் பயந்தார்கள். 2021 நவம்பர் 19 விடியற்காலை புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கரை கடந்தது வெறும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். அதற்குப் பெயரே கிடையாது. பாலாற்றில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வந்தது அந்தப் பெயரில்லாத மழையில்தான். பெயர் வைத்தால்தான் புயல் என்று நினைக்கிற பழக்கம் நம்மைக் கெடுக்கிறது.

இனி அந்த டார்ச். நாங்கள் தண்ணீரைப் பார்ப்பதைவிட கரையின் வெளிப்பக்கத்தைத்தான் அதிகம் பார்ப்போம். கரை அடியில் எங்கேயாவது ஈரம் கசிகிறதா என்று. கசிகிற தண்ணீர் தெளிவாக இருந்தால் ஓர் ஆளை அங்கேயே உட்கார வைத்துவிட்டு நகரலாம். கலங்கலாக வந்தால் மண்ணும் சேர்ந்து வருகிறது, கரை உள்ளுக்குள் கரைகிறது என்று அர்த்தம். நண்டு வளை, எலி வளையில் ஆரம்பிக்கும். விரல் மொத்தத்தில் இருப்பது இரண்டு மணி நேரத்தில் ஆள் நுழையும் அளவு ஆகிவிடும்.

ஊர்க்காரர்கள் ஓடிவந்து அந்த ஓட்டைமேல் மூட்டையைப் போட்டு அடைப்பார்கள். செய்யக்கூடாத காரியம் அது. அங்கே அடைத்தால் தண்ணீர் வேறு பக்கம் பிய்த்துக்கொண்டு கிளம்பும். ஓட்டையைச் சுற்றி மூட்டைகளைக் கிணற்று உறை மாதிரி வட்டமாக அடுக்கி, உள்ளே மணல், அதன்மேல் ஜல்லி போட வேண்டும். தண்ணீர் வரட்டும், மண் வரக்கூடாது. அவ்வளவுதான் சூத்திரம். மூட்டையையும் முழுசாக நிரப்பக்கூடாது. பாதிக்குக் கொஞ்சம் மேலே நிரப்பினால்தான் ஒன்றோடு ஒன்று படிந்து உட்காரும். பிதுங்க நிரப்பிய மூட்டைகளுக்கு நடுவே சந்து விடும்.

காவேரிப்பாக்கத்தான்

சார் சொல்றது எல்லாம் சரி. ஆனா எங்க பக்கத்து நியாயத்தையும் கேளுங்க. ஏரி நெறையறது ஏதோ சில வருஷம்தான். பாலாறு வறண்டே கெடக்குது. கர்நாடகாவுல ஏரிங்க, ஆந்திராவுல வரிசையா தடுப்பணைங்க, புல்லூர்ல 2016ல உசத்திக் கட்டினது வேற. எல்லாத்தையும் தாண்டி பாலாத்து அணைக்கட்டுக்குத் தண்ணி வந்து, அங்கிருந்து கால்வாய்ல எங்க ஏரிக்கு வரணும். அப்படி வந்த தண்ணியை "பயமா இருக்குது, கலிங்கை ஒடைச்சு உடு"ன்னு ஏரிக்குள்ளயே வீடு கட்டினவங்க சொன்னா எங்களுக்கு எப்படி இருக்கும்? ஒரு போகம் பயிரு அந்தத் தண்ணியில இருக்குது. கோடி போற நேரத்துல கலிங்குமேல நாலு மூட்டை வச்சா ஒரு அடி தண்ணி கூட நிக்கும்னு நாங்க வைக்கறது உண்மைதான். ஒளிச்சுப் பேசல.

கரைநடை

ஒளிக்காமல் சொன்னதற்கு நன்றி தம்பி. அந்த நாலு மூட்டைக்கு ஒரு கணக்கு சொல்கிறேன்.

நூறு அடி நீளக் கலிங்கு. அதன்மேல் ஓர் அடி உயரத்துக்குத் தண்ணீர் வழிந்தால் வினாடிக்கு ஏறக்குறைய 300 கன அடி போகும். இரண்டடி வழிந்தால் 600 இல்லை, 870. மூன்றடி என்றால் 1,600. உயரம் கூடக் கூட வெளியேறும் அளவு துள்ளி ஏறும். கலிங்கு கட்டியவர்கள் இந்தத் துள்ளலை நம்பித்தான் கரைக்கு உயரம் வைத்தார்கள். நீங்கள் மூட்டை வைத்து ஓர் அடி அடைத்தால், அதே 1,600 வெளியேற ஏரி இன்னும் ஓர் அடி ஏற வேண்டும். அந்த ஓர் அடி கரையின் தலையில் ஏறுகிறது. மண்கரைமேல் தண்ணீர் வழிய ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. சுண்ணாம்புக் கலவையில் கட்டிய கலிங்கு தாங்கும், மண் தாங்காது.

உங்கள் ஒரு போகமும் அந்த ஏரியோடுதான் இருக்கிறது. ஏரி உடைந்தால் இந்தப் போகம் மட்டுமா போகும், அடுத்த மூன்று போகமும் போகும்.

கலிங்கை உடைக்கச் சொல்கிறவர்களுக்கும் இதே கணக்குதான். இரண்டடி உடைத்தால் ஒரே நேரத்தில் கீழே போகும் தண்ணீர் பல மடங்கு. உங்கள் தெரு காயும், அடுத்த ஊர் மூழ்கும். இரண்டு பக்கமும் ஆள் திரண்டு நிற்க, நடுவில் நிற்பவர் பெரும்பாலும் முப்பது வயசுகூட ஆகாத உதவிப் பொறியாளர், கூட ஒரு லஸ்கர் (மதகைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர்).

கவுண்டின்யா கரை (குடியாத்தம்)

எங்க ஊர்ல வேற கதை. மோர்தானா அணை நிரம்பினா தானா வழியும். "இன்ஜினியர் திறந்துவிட்டுட்டார்"னு 2021ல ஊரே பேசிச்சு. வெள்ளத்தைத் திறந்துவிடறதுக்கு அங்க ஷட்டர் எதுவும் இல்ல, வழியறதைப் பார்த்துக்கினு சொல்றதுதான் அவர் வேலைன்னு எனக்கே பிறகுதான் புரிஞ்சது. ஆத்தோரம் இருந்த வீடுங்க போச்சு. ஆனா ஆள்களை முன்னாடியே மண்டபத்துக்குக் கொண்டுபோனதால உயிர் தப்பிச்சது. மைக் வச்ச ஆட்டோ ரெண்டு நாள் சுத்துச்சு. அந்த ஆட்டோவை அனுப்பச் சொன்னது அணையில அளவு பார்த்துக்கினு இருந்தவர் பண்ண போன்தான்.

மாதனூர் உள்ளி தரைப்பாலம் அடிச்சுக்கினு போனதையும் சொல்லணும். எங்க ஊர்லருந்து ஹைவே பிடிக்கறதுக்கு அதுதான் குறுக்கு வழி. போனப்புறம் எத்தனை நாள் சுத்தினோம்னு எங்களுக்குத்தான் தெரியும்.

கரைநடை

மோர்தானா முழுக் கொள்ளளவு சுமார் 261 மில்லியன் கன அடி. 2021இல் பாலாற்றில் ஓடிய ஒரு லட்சம் கன அடியை அதற்குள் விட்டால் முக்கால் மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். ஓர் அணை கட்டி வெள்ளத்தையே நிறுத்திவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். பெருவெள்ளத்தில் எங்கள் வேலை தண்ணீருக்கு வழி விடுவதும், அது எத்தனை மணிக்கு எங்கே வரும் என்று சொல்வதும்தான்.

பொன்னை ஆற்றில் அது இன்னும் நெருக்கடி. சித்தூர் பக்கம் கலவகுண்டா அணையில் ஷட்டர் தூக்கினால் அந்தத் தண்ணீர் நமக்கு வந்து சேர்ந்துவிடும். அங்கிருக்கும் பொறியாளர் நம்மவருக்குப் போன் போட்டால்தான் நமக்கு நேரம் கிடைக்கும். எத்தனை கடிதப் போக்குவரத்து இருந்தாலும் ஆபத்து நேரத்தில் வேலை செய்வது இரண்டு பேரின் பழக்கம். நான் பணியில் இருந்தபோது ஆடி மாதமே சித்தூர் பக்கம் போய், யார் பொறுப்பில் இருக்கிறார் என்று நேரில் பார்த்துவிட்டு வருவேன். அந்த ஒரு நாள் பயணம் ஒரு நூறு ஃபேக்ஸுக்குச் சமம்.

தண்டவாளம்

பொன்னை என்றதும் ஒன்று. முகுந்தராயபுரத்துக்கும் திருவலத்துக்கும் இடையே உள்ள ரயில் பாலத்தில் 2021 டிசம்பரில் பழுது கண்டுபிடித்து ரயில்களை நிறுத்தினார்கள். நவம்பர் வெள்ளம் வடிந்து வாரக்கணக்கில் ஆன பிறகு. கிறிஸ்துமஸ் நேரம், சென்னைக்கு எத்தனையோ வண்டி ரத்து. எல்லோரும் திட்டினார்கள். தண்ணீர் வடிந்த பிறகுதான் தூணுக்கு அடியில் மண் அரித்துப் போயிருப்பது தெரியவரும் என்று அப்போது பலருக்கும் புரியவில்லை. வண்டியை நிறுத்தச் சொன்ன அந்த முடிவை நான் மதிக்கிறேன். தினமும் அந்தப் பாலத்தின்மேல் போய் வந்தவன் நான்.

பள்ளிக்கூடத்தார் (பேரணாம்பட்டு)

அதே 19ஆம் தேதி எங்கள் ஊரில் வீட்டுச்சுவர் இடிந்து ஒன்பது பேர் போனார்கள். நான்கு பேர் குழந்தைகள். ஏரி, ஆறு, கலிங்கு பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். ஊறிப்போன சுவரை யார் பார்ப்பது? அதற்கும் பொறியாளர் வேண்டாமா? மழை விட்டதும் பயம் போய்விடுகிறது. ஈரம் குடித்த மண்சுவர் வெயில் அடித்த பிறகும் விழும். எங்கள் பள்ளியில் இப்போது மழை நின்று மூன்று நாள் வரை பழைய கட்டடப் பக்கம் பிள்ளைகளை விடுவதில்லை.

கரைநடை

ஐயா, இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அரசுக் கட்டடம் என்றால் பார்ப்பதற்குப் பொறியாளர் உண்டு. தனியார் வீட்டுச் சுவரை மழைக்கு முன் போய்ப் பார்க்க யாரும் கிடையாது. வருவாய்த் துறை கணக்கெடுப்பது விழுந்த பிறகு. இருக்க வேண்டிய வேலை அது, இல்லை.

மிசிசிப்பி ஓரம் ஒரு சத்துவாச்சாரி

அண்ணே, நான் பிறந்தது சத்துவாச்சாரி, இப்போது லூசியானாவில் இருக்கிறேன். இங்கே புயலுக்கு முன்னும் பின்னும் இறங்குவது ராணுவப் பொறியாளர் படை. புயல் வருவதற்கு முன்பே எந்த மருத்துவமனைக்கு, எந்தப் பம்ப் நிலையத்துக்கு எவ்வளவு பெரிய ஜெனரேட்டர் தேவைப்படும் என்று போய் அளந்து எழுதி வைக்கிறார்கள். கரண்ட் போன பிறகு அளக்க நேரம் இருக்காது என்பதால். கூரை பிய்ந்த வீடுகளுக்கு நீலத் தார்ப்பாய் போட்டுக்கொடுப்பதும் அவர்கள்தான், இலவசமாக.

ஆனால் இங்கே நடந்த பெரிய தவறையும் சொல்ல வேண்டும். 2005 ஆகஸ்டில் கத்ரீனா வந்தபோது நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் 80 சதவீதம் மூழ்கியது. அவர்கள் கட்டிய தடுப்புச் சுவர்களே பல இடங்களில் உடைந்தன. சில சுவர்கள், தண்ணீர் உச்சிவரை ஏறுவதற்கு முன்பே, அடியில் இருந்த மெத்து மண் நகர்ந்து சாய்ந்தன. அடுத்த வருடம், எங்கள் வடிவமைப்பில் குறை இருந்தது என்று அந்தப் படையே அறிக்கை போட்டு ஒப்புக்கொண்டது. பிறகு ஆயிரம் கோடி டாலருக்கு மேல் செலவழித்துப் புதிதாகக் கட்டினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களுக்கு அந்த ஒப்புதல் ஈடாகாது. ஆனாலும் ஒப்புக்கொள்ளாமல் இருந்திருந்தால் அதே சுவரைத்தான் மறுபடி கட்டியிருப்பார்கள்.

வேப்பமரத்து வீடு

எல்லாவற்றையும் படித்தேன். நண்டு வளை விஷயம் என் மகனுக்கும் வாசித்துக் காட்டினேன். கரைநடை ஐயா, உங்கள் மேல் மரியாதையோடு கேட்கிறேன். என் கேள்விக்குப் பாதிப் பதில்தான் வந்திருக்கிறது. கரையைப் பார்த்தார்கள், சரி. எங்களிடம் ஏன் சொல்லவில்லை? நாலு மணி நேரம் இருந்ததே. "அம்மா, மாடிக்குப் போங்க" என்று ஒரு வார்த்தை.

கரைநடை

நேற்றே படித்துவிட்டேன். பதில் எழுத ஒரு நாள் ஆனது.

சட்டப்படி மக்களை வெளியேறச் சொல்வது மாவட்ட ஆட்சியரின் பொறுப்பு, கீழே தாசில்தார், கிராம நிர்வாக அலுவலர். பொறியாளர் அவர்களுக்குச் சொல்ல வேண்டும், அவர்கள் உங்களுக்குச் சொல்ல வேண்டும். காகிதத்தில் அப்படித்தான். நடு ராத்திரியில் அந்தச் சங்கிலியில் ஒருவர் போன் எடுக்கவில்லை என்றால் சேதி அங்கேயே நின்றுவிடும்.

இன்னொரு காரணம் பயம். ஏரி உடையப் போகிறது என்று பொறியாளர் வாயிலிருந்து வந்தால் இருட்டில் ஊரே ஓடும். உடையவில்லை என்றால் வதந்தி கிளப்பினார் என்று மெமோ வரும். அதனால் வாயைக் கட்டிக்கொண்டு மூட்டை அடுக்குவோம்.

நானும் அப்படி இருந்திருக்கிறேன். பல வருடத்துக்கு முன் ஒரு சின்ன ஏரி. கசிவு கலங்கலாக மாறியதை ராத்திரி ஒரு மணிக்குப் பார்த்தேன். கட்டுப்படுத்திவிடலாம் என்று நினைத்தேன். கீழே பத்துப் பதினைந்து குடிசைகள். ஆள் அனுப்பி எழுப்பியிருக்கலாம், எழுப்பவில்லை. விடியும்போது கட்டுக்குள் வந்தது, உடையவில்லை. என்னைப் பாராட்டினார்கள். ஆனால் அந்த நாலு மணி நேரம் அந்தக் குடிசைகளில் தூங்கியவர்களின் உயிரை அவர்களைக் கேட்காமல் நான் பணயம் வைத்தேன். அது தவறு. இன்றைக்கும் அந்த வழியாகப் பஸ்ஸில் போனால் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. அம்மா, உங்களிடம் அன்று சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது பணியில்

பெயர் வேண்டாம். கரைநடை சார் வேலை பார்த்த அதே பதவிதான். சார் காலத்தில் இல்லாத ஒன்று இப்போது இருக்கிறது, வாட்ஸப். என் பிரிவில் ஒவ்வோர் ஏரிக்கும் ஒரு குழு வைத்திருக்கிறேன். கீழ்த்தெருக்காரர்கள், ஆயக்கட்டு (ஏரிப் பாசன நிலம்) விவசாயிகள், வி.ஏ.ஓ., எல்லோரும் ஒரே குழுவில். மதகுக் கல்லில் பெயிண்டில் எழுதிய அளவை லஸ்கர் காலை, மாலை படம் எடுத்துப் போடுவார். ஆரஞ்சு எச்சரிக்கை என்றால், அதாவது ஒரு நாளில் 12 சென்டிமீட்டரிலிருந்து 20 வரை எதிர்பார்த்தால், மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. விளக்கம் எதுவும் எழுத மாட்டேன், படம் மட்டும். படத்துக்கு யாரும் மெமோ கொடுக்க முடியாது.

ஒரு விஷயம் எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். 100 ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு உள்ள ஏரி ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேல் எங்கள் துறை. பாதிப் புகார் தப்பான அலுவலகத்துக்குப் போய் அங்கேயே கிடக்கிறது. உங்கள் ஏரி யாருடையது என்று வெயில் காலத்திலேயே கேட்டு வையுங்கள். அவசரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலம் 1070.

மீட்புப் படை நமக்குப் பக்கத்திலேயே அரக்கோணத்தில் இருக்கிறது. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4ஆவது பட்டாலியன். அவர்கள் வந்தால் நன்றாகவே செய்வார்கள். அவர்களைக் கூப்பிடும் நிலை வராமல் இருக்கத்தான் எங்களுக்குச் சம்பளம்.

காவேரிப்பாக்கத்தான்

கணக்கை எங்க ஊர் பெரியவங்ககிட்ட சொன்னேன். ஒருத்தரு ஒத்துக்கல. "எங்க தாத்தா காலத்துலருந்து மூட்டை வைக்கறோம், என்னா ஆச்சு"ன்றாரு. தாத்தா காலத்துல கரைமேல மாட்டு வண்டி போற அகலம் இருந்துச்சு, இப்ப சைக்கிள் போக முடியலன்னேன். பேசாம இருந்தாரு. இந்த வருஷம் மூட்டை வைக்கறதுக்கு முன்னாடி ஏ.இ.யை (உதவிப் பொறியாளரை) கூப்புட்டுக் கேக்கறதுன்னு முடிவாயிருக்குது. வைக்கவே மாட்டோம்னு நான் இங்க வாக்கு குடுக்க முடியாது. கேட்டுட்டுதான் வைப்போம்.

கவுண்டின்யா கரை

வாணியம்பாடியில 1903 நவம்பர் வெள்ளத்துல செத்தவங்களுக்கு ஒரு நினைவுத் தூண் இருக்குது, பார்த்திருக்கீங்களா? மேல ஏரிங்க உடைஞ்சு வந்த தண்ணி அது. அந்த வழியா வருஷக்கணக்கா போறேன், போன வாரம்தான் நின்னு படிச்சேன்.

வேப்பமரத்து வீடு

கரைநடை ஐயா, நீங்கள் எழுதியதை மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். "அந்த ஆளு நல்லாருக்கட்டும்" என்றார். அவர் சொன்னதை அப்படியே உங்களுக்குச் சேர்க்கிறேன்.

இன்று காலை மகனோடு எங்கள் ஏரிக்கரைக்குப் போனேன். இத்தனை வருடத்தில் கலிங்கை நான் பார்த்ததே இல்லை. நடந்து அளந்தோம், எண்பது அடி இருக்கும். அதற்குக் கீழே உபரிநீர்க் கால்வாய் எங்கள் தெருவுக்கு நேர் பின்னால்தான் வருகிறது. நடுவில் ஒருவர் சுவர் எழுப்பி, இரண்டடிக் குழாய் ஒன்றை மட்டும் விட்டிருக்கிறார். எண்பது அடி கலிங்கில் வழிகிற தண்ணீர் அந்த இரண்டடிக் குழாய்க்குள் போக வேண்டும். படம் எடுத்தோம். ஆயக்கட்டு எத்தனை ஏக்கர் என்று வி.ஏ.ஓ.விடம் கேட்டேன், 140 என்றார். அப்படியானால் ஒன்றிய அலுவலகம் இல்லை. திங்கட்கிழமை எங்கே போக வேண்டும் என்று இப்போது தெரியும். தெருவில் ஆறு பேர் கூட வருகிறார்கள்.

இப்போது பணியில்

படத்தோடு குழாயின் குறுக்களவையும் கலிங்கு நீளத்தையும் மனுவிலேயே எழுதுங்கள் அக்கா. சர்வே எண் தெரிந்தால் அதையும். அடுத்த தாழ்வு மண்டலம் வருவதற்குள் சுவரை எடுப்பதற்கு நோட்டீஸ் கொடுக்க அது போதும்.